சேலத்தார் நீந்துவது எங்கே?

திருவரங்கத்தைப் போன்ற தீவு நகரத்தில் பிறந்தவர்கள் நீச்சல் கற்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. எத்திசையில் நடந்தாலும் சற்றைக்கெல்லாம் ஒரு படித்துறை எதிர்ப்படும். அஸ்தம்பட்டிவாசிகளான நமது நிலைமை வேறு. ஏற்காட்டு மலையின் அடிவாரத்துக்கும் சேலம் கடைவீதிக்கும் இடையே, நாற்புறமும் சாலைகள் சூழ்ந்த ஓர் ஊரில் நாம் வாழ்கிறோம். கழுத்தளவு நல்ல ஜலத்தில் இறங்கிக் கைகால்களை வீசவேண்டும் என்ற ஆசை பிறந்தால், பெரும்பாலும் 30 மைலாவது பிரயாணம் செய்தாக வேண்டும். அப்படியிருந்தும் இந்த ஆசை நம்மவர்களை விட்டபாடில்லை. கோடை விடுமுறை தொடங்கியதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டூர்ப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளைஞர் கூட்டமே இதற்குச் சாட்சி.

இவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை இந்தப் பக்கங்களில் பழகிய ஒருவர் எடுத்துச் சொன்னால் பலருக்கும் பயன்படும் என்று கருதி, நமக்குப் பிரியமான சில துறைகளைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். அதோடு கூடவே, அதிகாரிகளின் காதில் போட வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது.

ஆற்றுக்குப் போகுமுன் கிணற்றைச் சொல்லிவிட வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் நீச்சல் தெரிந்த முதியவர் எவரையேனும், எங்கே கற்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் தோட்டத்துக் கிணற்றையே சொல்வார்கள். இங்கே பூமி பாறை. பாறையை உடைத்து, ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போன்ற அகலத்தில் தோண்டிய சதுரக் கிணறுகள் அவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே படிகள். சிறுவனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் சுரைக்குடுக்கையையும் சேர்த்துக் கட்டி, மாமனோ சித்தப்பனோ ஒரு தள்ளுத் தள்ளிவிடுவது அந்நாளையப் பாடத்திட்டம். இரண்டு வாய் தண்ணீர் குடித்தபின் கால் தானே அடிக்கத் தொடங்கும். சுரைக்குடுக்கையின் ஸ்தானத்தைப் பின்னர் தகர டின்னும், லாரி டியூபும், பிளாஸ்டிக் கேனும் பிடித்துக்கொண்டன. முறை மட்டும் மாறவில்லை. ஒரு வாரத்தில் குடுக்கை கழலும். இரண்டாவது வாரத்தில் பையன் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வான். கற்றுக்கொள்ளாதவனை, ‘கடப்பாரை நீச்சல்காரன்’ என்று ஊரே கேலி செய்யும்.

அந்தக் கிணறுகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? ஆழ்குழாய்க் கிணறு வந்தது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சியது. மேல் ஊற்று வற்றியது. வற்றிய கிணற்றில் குப்பை விழுந்தது. நகரத்தை ஒட்டிய பல கிணறுகள் மூடப்பட்டு அவற்றின் மேல் வீடுகளும் எழும்பிவிட்டன. ஆழ்குழாய்க் கிணற்றினால் பாசனம் நடக்கலாம். ஆறு அங்குலக் குழாய்க்குள் எந்தப் பிள்ளையை இறக்கி நீச்சல் கற்பிப்பது? நீர்ப்பாசன நிபுணர்கள் எழுதும் அறிக்கைகளில் இந்த நஷ்டத்தை எங்கும் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் அயோத்தியாபட்டணம், வாழப்பாடிப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில கிணறுகள் ததும்பி நிற்கின்றன. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குபவருக்கு அதைவிடக் குளிர்ந்த ஜலம் ஜில்லாவில் வேறெங்கும் கிடைக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர், இரண்டாள் ஆழத்தில் பனிக்கட்டியைப் போல் உடம்பைக் கவ்வும். பழகாதவர்கள் உள்நீச்சலை அங்கே பரீட்சிக்க வேண்டாம்.

நகரத்துக்குள் ஓடும் ஆற்றைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் ஆலயத்தை ஒட்டிச் சேலத்தைக் கடந்து செல்லும் திருமணிமுத்தாறு, பெயரில் மட்டுமே முத்துப்போல் இருக்கிறது. சாக்கடையும் சாயக் கழிவும் சுமந்து செல்லும் அதில் கால் நனைக்கவும் யாரும் துணிவதில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரியின் கதை சற்று ஆறுதலானது. 2010-ம் ஆண்டு வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் முன்னின்று அந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணையே நீருக்குள் சின்னஞ்சிறு தீவுகளாகக் குவித்து, மரங்களை நட்டார்கள். இன்று அத்தீவுகள் பறவைகளின் குடியிருப்பு. அஸ்தம்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நமக்கும் தீவுகள் உண்டு என்று திருவரங்கத்தாரிடம் பெருமை பேசிக்கொள்ளலாம். ஆனால் அது நீந்துவதற்கான இடம் அல்ல. அடியில் சேறு, மேலே பாசி. கரையில் நடந்து பறவைகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

மலைகளில் கிடைப்பது ஸ்நானமே. நீச்சலுக்கு அங்கே இடம் குறைவு. ஏற்காட்டு ஏரியில் படகு விடலாம், நீந்தலாகாது. ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவிக்கு உயிர் வரும்; மற்றக் காலங்களில் பாறை மட்டுமே தரிசனம் தரும். ஆத்தூருக்கு அருகே ஆனைவாரி முட்டல் அருவி குடும்பத்துடன் செல்வதற்கு ஏற்றது. கல்வராயன் மலையில் பெருமழை பெய்தால் வனத்துறையினர் வழியை அடைத்துவிடுவார்கள், அவர்களோடு வாதாடக் கூடாது. கொல்லிமலையில் அறப்பளீசுவரர் ஆலயத்தருகே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நனைவது உடம்புக்கு உற்சாகம். ஏறி வருவதற்குள் அந்த உற்சாகம் முழுவதும் வியர்வையாகிவிடும்!

நிற்க. நீச்சல் என்றால் நமக்குக் காவிரிதான்.

காவிரியில் முதல் இடம் மேட்டூர். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்த அந்த அணை, 120 அடி நீரைத் தேக்கி நிற்பது. அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்கு ஆடு வெட்டிப் பொங்கலிட வரும் குடும்பங்கள், முதலில் ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகின்றன. கரையோரத்தில் இடுப்பளவு நீரில் குளிப்பது இன்பமே. ஆனால் அணையிலிருந்து புறப்படும் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் இறங்குவதை நாம் முற்றிலும் ஆட்சேபிக்கிறோம். பார்வைக்கு அமைதியாக ஓடும் கால்வாய், சரிவான கரை. வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு வேர்கூட அகப்படாது. கெட்டிக்கார நீச்சல்காரனும் கரையேற முடியாமல் களைத்துப் போகும் இடம் அது.

நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் பண்ணவாடிப் பரிசல் துறை இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மேல்தான் அங்கே தண்ணீர் நிற்கிறது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருஷங்களில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய மாதாகோயிலின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ஜனங்கள் திரண்டு சென்று பார்க்கிறார்கள். முழங்கால் அளவு நீரில் நடந்து நந்தியின் முதுகைத் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த மாதமே அந்த நந்தியின் மேல் பல ஆள் ஆழம் நீர் நிற்கும். தெருக்களும் கிணறுகளும் இருந்த பூமி ஆதலால் தரை சமமாக இராது. ஓரடி எடுத்து வைத்தால் முழங்கால். மறு அடி பழைய கிணற்றின் வாயாகவும் இருக்கலாம். பரிசற்காரர் காட்டும் எல்லைக்குள் இருந்துகொள்வதே புத்தி.

எல்லாத் துறைகளிலும் நம் நெஞ்சைக் கவர்ந்தது எது என்று கேட்டால், பூலாம்பட்டி என்று தயங்காமல் சொல்வோம். எடப்பாடியைத் தாண்டி, நெல்லும் வாழையும் தென்னையும் அடர்ந்த பசுமைக்குள் சாலை இறங்குகிறது. திடீரென்று, ஆறா ஏரியா என்று திகைக்கும்படி காவிரி எதிரே விரிந்து கிடக்கிறது. அக்கரையில் ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்த நெருஞ்சிப்பேட்டை. அதற்கும் பின்னால் மலைத்தொடர். பள்ளிப் பிள்ளைகளும், மூட்டை முடிச்சுகளோடு வியாபாரிகளும், சில சமயங்களில் மோட்டார் சைக்கிள்களுமாக விசைப்படகு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறது. இதைக் ‘குட்டிக் கேரளம்’ என்று அழைக்கிறார்கள். நம் ஊர் அழகாக இருந்தால் அதற்கு அயலூர்ப் பெயரைச் சூட்டினால்தான் மதிப்பு என்று எண்ணும் பழக்கம் எப்போது போகுமோ! அதிகாலையில், படகு ஓடத் தொடங்குமுன், படித்துறையை ஒட்டி மல்லாந்து மிதந்தபடி மலைமேல் வெயில் ஏறுவதைப் பார்ப்பவருக்கு, சேலத்திலிருந்து வந்த தூரம் முழுவதும் மறந்துபோகும்.

இந்த அகன்ற அமைதிக்குக் காரணம் இயற்கை அன்று. மேட்டூருக்கும் பவானிக்கும் இடையே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு இடங்களில் கதவணைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஆறு படிப்படியாக நிற்கும் நீர்நிலைகளாகிவிட்டது. பழைய நீச்சல்காரர்கள் ஆற்றின் முகத்தைப் பார்த்தே அதன் மனத்தை அறிவார்கள். சுழி எங்கே, இழுப்பு எங்கே, மணல்திட்டு எங்கே என்பதை நீரின் நிறமே சொல்லிவிடும். நின்ற நீரில் அந்த அடையாளங்கள் மறைந்துபோகின்றன. மேலே அசையாத கண்ணாடி. கீழே, கதவு திறந்ததும் இழுக்கத் தொடங்கும் வேகம். ஆகையால் கதவணைக்கு மேலும் கீழும் அதற்கு அருகில் எவரும் நீந்தலாகாது. உள்ளூர்ப் படகோட்டி ‘வேண்டாம்’ என்று தலையசைத்தால், அதை அரசாங்க உத்தரவைவிடப் பெரியதாகக் கொள்ள வேண்டும்.

பவானிக் கூடுதுறையைப் பற்றி எழுதினால் ஏடு கொள்ளாது. காவிரியும் பவானியும் கட்புலனாகாத அமுத நதியும் கலக்கும் க்ஷேத்திரம், சங்கமேசுவரர் சந்நிதி. ஆயினும் அது முழுகும் துறை. இரண்டு ஆறுகள் மோதும் முனையில் நீச்சல் வீரத்தைக் காட்டுவது பக்தியும் அன்று, விவேகமும் அன்று. எதிர்க்கரையிலுள்ள குமாரபாளையமும், அதற்குக் கீழே பள்ளிபாளையமும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலக்கும் அவலம் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டும் தீர்ந்தபாடில்லை. ஆகாயத்தாமரை மண்டிய அந்தப் பகுதியைக் கடந்து கீழே சென்ற பின்பே நாம் மறுபடியும் சட்டையைக் கழற்றுகிறோம்.

அந்தக் கீழ்ப்பகுதியில் ஜேடர்பாளையம் தலைசிறந்தது. பழைய அணைக்கட்டு, அதன்மேல் வழியும் நீர், அதிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், கரையில் சுடச்சுட வறுத்துத் தரும் ஆற்று மீன். இவ்வளவும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. வாய்க்காலில் மார்பளவு நீர் நிதானமாக ஓடும் நாட்களில், குழந்தைகளுக்கு நீச்சல் பழக்க இதைவிட நல்ல இடம் நமக்குத் தெரியவில்லை; பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரமத்தி வேலூர், வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊர். அதன் படித்துறை விசாலமானது. அதற்கு அருகே நஞ்சை இடையாற்றில் நம் திருமணிமுத்தாறு காவிரியோடு சேர்கிறது. சேலம் தன் அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கே சென்று பார்க்கலாம். இன்னும் கீழே மோகனூர். 1888-ல் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். அகன்ற மணற்படுகையும் அதனூடே பிரிந்து ஓடும் நீரோட்டங்களுமாக அங்கே காவிரிக்கு வேறொரு ரூபம். மணல் அள்ளிய இடங்களில் குழிகள் இருக்கின்றன. முழங்கால் நீரில் ஓடிவிளையாடும் குழந்தை அப்படியே மறைந்துவிடக்கூடும். மணற்குழி விஷயத்தில் நாம் சொல்வது ஒன்றுதான்: கோலால் ஆழம் பாராமல் எந்த இடத்திலும் இறங்க வேண்டாம்.

இனி அதிகாரிகளுக்கு உரியதைச் சொல்வோம். மேலே கூறிய துறைகளில் பலவற்றில் இன்று பயணியை வரவேற்பது ஒரு பலகை. ‘ஆபத்தான பகுதி, குளிக்கத் தடை’ என்று அதில் எழுதியிருக்கும். விபத்து நடந்த மறுவாரம் பலகைக்குப் புது வர்ணம் பூசுகிறார்கள். வெள்ளக் காலத்தில் தடை அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி மேட்டூர் அணை நிரம்பி, அதையொட்டிய ஆடிப்பெருக்கு நாட்களில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறியபோது, படித்துறைகளை அடைத்தது சரியான காரியமே. ஆனால் சாதாரண நாட்களிலும் பலகை ஒன்றையே காவலாக வைத்திருப்பது எவ்வகையில் நியாயம்? பத்துப் பேர் குளிக்கும் நல்ல துறையில் தடை எழுதிவிட்டால், பத்துப் பேரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. யாருமில்லாத, தெரியாத துறையைத் தேடிப் போகிறார்கள். சாவு அங்கே காத்திருக்கிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி மாள்வதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் கூறுகின்றன. உலகம் முழுவதிலும் 2021-ல் சுமார் மூன்று லட்சம் பேர் இவ்வாறு இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25-ம் தேதியை இதற்கென ஒரு தினமாக வகுத்தது. தினம் கொண்டாடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. நீச்சல் கற்பிப்பதில்தான் இளைத்துவிட்டோம்.

ஒருவர் மூழ்க, அவரைக் காப்பாற்ற நீந்தத் தெரியாத அடுத்தவர் பாய, இருவரும் மாள்வது நாம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் படிக்கும் சேதி. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெரம்பலூர் ஜில்லா கோட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, கரையிலிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீருக்குள் வீசினார்கள். இருவர் அதைப் பற்றிக்கொண்டு கரையேறினர்; மற்ற இருவரைக் காக்க முடியவில்லை. அம்மூவருக்கும் அந்தச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது அளித்துக் கௌரவித்தது. விருது பொருத்தமே. ஆனால் அந்தக் கரையில் ஒரு கயிறு இருந்திருந்தால், மானத்தை மறந்து சேலையை வீசும் நிலைமை அப்பெண்களுக்கு வந்திராது என்பதையும் யோசிக்க வேண்டாமா?

கற்பிப்பதற்குப் பளிங்குக் குளங்கள் வேண்டும் என்று யாரேனும் சாக்குச் சொல்வார்களானால், பங்களாதேசத்தைப் பார்க்கச் சொல்கிறோம். அந்த ஏழை நாட்டில் கிராமத்துக் குளங்களுக்குள்ளேயே மூங்கில் மேடை அமைத்து, நான்கு வயது முதலான பிள்ளைகளுக்கு நீந்தவும், அடுத்தவரைக் கரையிலிருந்து காப்பாற்றவும் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது என்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. மூங்கில் நம் ஜில்லாவில் விளையாத பொருள் அல்லவே! திறமைக்கும் இங்கே பஞ்சமில்லை. ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 1994-ல், பதின்மூன்று வயதுக்குள், ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடற்பகுதிகளை ஒரே ஆண்டில் நீந்திக் கடந்ததை உலகமே பார்த்தது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஆற்றங்கரைக் கிராமங்களில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நீந்துவதை நாம் கண்டிருக்கிறோம். நகரத்துப் பெண்ணுக்கோ கிணறும் இல்லை, துறையும் இல்லை. கட்டணம் செலுத்திக் குளத்துக்கு அனுப்பும் வீடுகளும் முதலில் பையனைத்தான் அனுப்புகின்றன. ஆடிப்பெருக்கன்று கரையில் நின்று காவிரித் தாய்க்குக் காதோலை கருகமணி விடுகிறவள் பெண். கால் வழுக்கினால் ஒரு நிமிஷம் மிதக்கத் தெரியாதவளும் அவளே.

சேலம், நாமக்கல் ஜில்லாக் கலெக்டர்களை நாம் கேட்பது அதிகமன்று. பூலாம்பட்டி, ஜேடர்பாளையம், வேலூர், மோகனூர் ஆகிய நான்கு துறைகளிலும் குளிக்கும் எல்லையைக் கம்பமும் சங்கிலியும் கொண்டு வரையறுக்கட்டும். ஒவ்வொரு துறையிலும் கயிறு கட்டிய ரப்பர் வளையங்கள் எட்டும் உயரத்தில் தொங்கட்டும். உள்ளூர்ப் படகோட்டிகளிலும் மீனவர்களிலும் தேர்ந்த இருவரை விடுமுறை நாட்களில் சம்பளம் கொடுத்துக் காவலுக்கு அமர்த்தட்டும். மாநகராட்சியும் பள்ளிக்கூடங்களும் கோடையில் பத்து நாட்கள், ஆண் பெண் இருபாலாருக்கும், கட்டணமின்றி மிதக்கவும் நீந்தவும் கற்பிக்கட்டும். சுரைக்குடுக்கை வேண்டுமானால் நம் தோட்டக்காரர்களே கொடுப்பார்கள். டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்பெறும் நாள் ஜூன் 12. ஆடிப் பதினெட்டு வருவது ஆகஸ்டு முதல் வாரத்தில். இடையே ஏழு வாரங்கள் இருக்கின்றன. கம்பம் நடவும், கயிறு கட்டவும், ஆள் அமர்த்தவும் அவை தாராளமாகப் போதும்.